ஒரு சவரனுக்கு 330 கிலோ மண்

பெங்களூரில் கம்பெனி வழக்குகள் பார்க்கும் பெரிய வக்கீல் அலுவலகம் எதை எடுத்தாலும், சேவைப் பட்டியல் அநேகமாக ஒன்றுதான்: கம்பெனிப் பதிவு, குத்தகை, கையகப்படுத்தல், தொழிலாளர் சட்டம், திவால், ஏலம், நிலம், சுற்றுச்சூழல். இந்த எட்டும் தேவைப்பட்ட ஓர் ஊர், சாலை வழியில் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. கோலார் தங்கவயலைப் பற்றிப் பேசுகிறவர்கள் சுரங்கத்தின் 3 கிலோமீட்டர் ஆழத்தில்தான் தொடங்குவார்கள். நான் பத்திரக் கட்டிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் பத்திரம் 1875ஆம் ஆண்டினுடையது. மைக்கேல் லவேல் என்ற முன்னாள் சிப்பாய்க்கு மைசூர் அரசு 20 ஆண்டுச் சுரங்க உரிமை கொடுத்தது. அவரிடம் பணமில்லை, இரண்டே ஆண்டில் உரிமை கைமாறியது. 1880இல் லண்டனில் பதிவான மைசூர் கம்பெனியும், நிர்வாகம் பார்க்க வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸும்தான் உண்மையில் தோண்டினார்கள். தொடக்ககாலக் குத்தகைகளில் அரசுக்கு ராயல்டி 5 சதவீதம். நம் கணக்கில், 8 கிராம் சவரன் ஒன்றுக்கு 0.4 கிராம்.

1956இல் மைசூர் மாநில அரசு சுரங்கங்களைக் கையகப்படுத்தியது. 1962இல் அவை மத்திய அரசிடம் போயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட், ஊர் வழக்கில் பி.ஜி.எம்.எல்., பிறந்தது. சொந்தக்காரர் மாறினார், தொழிலாளர் குடியிருந்த மாரிக்குப்பத்து லைன் வீடு மாறவில்லை.

தொழிலாளர் பக்கம் கொஞ்சம் நிற்க வேண்டும். பாறைத் தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸுக்காக 1940இல் மைசூரில் தனி விதிகளே வந்தன. 1940களில் இந்த வயலில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்ததாக எழுதினார்கள். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர், சுமாராக. கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கில் ராயல்டிக்கு ஒரு வரி உண்டு. நுரையீரலுக்கு எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?

அடுத்தது திவால். நலிந்த கம்பெனிகளுக்கான 1985ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் அரசு கம்பெனிகளைத் தொடவில்லை. 1991 டிசம்பரில்தான் திருத்தினார்கள். மறுவருடமே பி.ஜி.எம்.எல். தொழில், நிதிச் சீரமைப்பு வாரியத்தின் வாசலில் நின்றது. கம்பெனியைக் கலைக்கலாம் என்று வாரியம் சொன்னது 2000 ஜூனில். எட்டு ஆண்டு. இப்போதுள்ள 2016 திவால் சட்டம், வழக்கு நாட்களையும் சேர்த்து 330 நாளில் முடிக்கச் சொல்கிறது. முடிவதில்லை என்பது வேறு கதை.

100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தை மூட, அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் 25-ஓ பிரிவில் அரசின் அனுமதி வேண்டியிருந்தது. 60 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். அனுமதி வந்தது, 2001 மார்ச் 1 முதல் மூடல். அந்தச் சட்டப்படி நஷ்ட ஈடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். கணக்குக்காக ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம்: மாதம் 4,000 ரூபாய், 28 வருடம். மூடலுக்கான ஈடு, 30 நாள் மாதக் கணக்கில், 56,000. கிராஜுவிட்டி, 26 நாள் மாதக் கணக்கில், 64,615. இரண்டும் சேர்ந்தால் 1,20,615 ரூபாய். பூமிக்கடியில் உழைத்த ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம்.

மூடலை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போயின, வழக்கு டெல்லி வரை நீண்டது. உலகளாவிய டெண்டர் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013 ஜூலையில். மூடியதிலிருந்து 12 ஆண்டு 4 மாதம். லவேல் வாங்கிய குத்தகையில் பாதிக்கும் மேல். இதற்கிடையில் லைன் வீடுகளில் இருந்தவர்கள் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகப் பழகிவிட்டார்கள். வீட்டுக்கு ஹக்குப்பத்திரம், அதாவது உரிமைப் பத்திரம், கேட்பது தனி வழக்கு, தனிப் போராட்டம்.

கடைசியாகச் சயனைடு மேடு. ஏறத்தாழ 120 ஆண்டில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். அரைத்துச் சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண்ணில் இன்றும் கிடப்பது சுமார் 3.3 கோடி டன். வகுத்துப் பாருங்கள்: கழுத்தில் போடும் ஒவ்வொரு சவரனுக்கும் ஊருக்குள் 330 கிலோ. டன்னுக்கு 0.7 கிராம் மிச்சமிருப்பதாக வைத்தாலும் 23 டன் தங்கம் அதில் இருக்கிறது. அதனால்தான் 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 1,003.4 ஏக்கரிலுள்ள 13 மேடுகளில் மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குச் சம்மதித்தது. மாநிலத்துக்கு வர வேண்டிய பாக்கியாக 75.24 கோடி ரூபாயையும் கேட்டது.

எனக்கு உறுத்துவது வேறு ஒரு தேதி. சுரங்கத்தை மூடும் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் கட்டாயம் என்று விதி வந்தது 2003 ஏப்ரலில். பெரிய சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 25,000 ரூபாய். 2017இல் அது 3 லட்சமானது. மேடுகள் இருக்கும் 1,003.4 ஏக்கர் என்பது சுமார் 406 ஹெக்டேர். முதல் விகிதத்தில் 1.015 கோடி, பிந்தைய விகிதத்தில் 12.18 கோடி. பி.ஜி.எம்.எல். பூட்டியது 2001இல். அன்று அந்தத் தலைப்பில் கட்ட வேண்டியிருந்த தொகை பூஜ்யம். மேட்டு மண் இப்போதும் காற்றடிக்கும் மாதங்களில் சாம்பியன் ரீஃப் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் வந்து படிகிறது.