தெறிக்கும் பொறி, தெரியாத கதிர்

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு, லிங்கி தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று செனவாங், நீலாய் தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறார்கள். கையில் பிடித்து இயக்கும் லேசர் வெல்டிங் துப்பாக்கி இப்போது சிறு பட்டறைகளும் வாங்கக்கூடிய விலைக்கு வந்துவிட்டது. மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை அது நொடியில் இணைத்துவிடும். கற்பதும் சுலபம். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

அதன் கதிர் ஏறக்குறைய 1,070 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, கண்ணுக்குத் தெரியாது. விழிவில்லை அதைக் குவித்து நேராக விழித்திரையில் இறக்கிவிடும். வலியே இல்லாமல் பார்வையின் ஒரு பகுதி நிரந்தரமாக இருண்டுபோகலாம். பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் கதிர் எட்ட நிற்பவரையும் விடாது. ஆர்க் வெல்டிங் முகமூடியை நம்பி இதில் இறங்கக் கூடாது. அந்த அலைநீளம் குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும்.

பொறி அதிகம் தெறித்தால் வேலை சரியில்லை என்று பொருள். கதிர் விழும் இடத்தில் உலோகம் ஆவியாகி ஆழமான சிறு துளை உண்டாகிறது. அது நிலைகுலையும்போது உலோகக் குழம்பு துளித்துளியாக வெளியே பறக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு, துரு, தேவைக்கு மீறிய சக்தி எல்லாமே இதைக் கூட்டும். துத்தநாகப் பூச்சுத் தகடு இன்னும் மோசம். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். இரும்பு உருகவே 1,500 பாகையை நெருங்க வேண்டும். அதனால் பற்றவைக்கும் விளிம்பில் பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

துப்பாக்கிக்குள் இருக்கும் காப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். கடுகைவிடச் சிறிய கரும்புள்ளி ஒன்று ஒட்டியிருந்தாலும் அது கதிரை உறிஞ்சிச் சூடேறும், குவியம் கலையும், இணைப்பு ஆழம் பிடிக்காது. கண்ணாடியை மாற்றாமல் சக்தியைக் கூட்டினால் தெறிப்புதான் மிஞ்சும்.

புகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியது. துத்தநாகப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். பலர் அதைச் சளிக்காய்ச்சல் என்றே நினைத்துக்கொள்வார்கள். புகை உறிஞ்சி வைத்துத் தருவது முதலாளியின் கடமை.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1இல் நடப்புக்கு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம்; அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குச் சம்பளத்தில் காசு பிடிப்பதும் தவறு. கடமை தவறும் முதலாளிக்கான அபராத உச்சவரம்பு 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. இத்தனை இருந்தும், வேலை போய்விடுமோ என்று வாய்மூடி நிற்கும் இளைஞர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

கதிர் கண்ணில் பட்டுவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லேசர் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விபத்தை முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்று, சம்பளச் சீட்டு, உடனிருந்தவரின் பெயர் ஆகியவற்றை அன்றே எடுத்து வைத்துக்கொண்டால் சொக்சோ விண்ணப்பம் இழுபடாது.