புகையிலை போட்டால் தலை சுற்றுவது ஏன்?



வீட்டுக்காரரிடம் முதலில் ஒரு கேள்வி. முதன்முதலாகப் பீடி இழுத்த அன்று உங்களுக்கு எப்படி இருந்தது? தலை கிறுகிறுவென்று சுற்றியிருக்கும். வாயில் எச்சில் ஊறி, வயிற்றைப் புரட்டி, நெற்றியில் சில்லென்று வேர்த்திருக்கும். சிலர் வாந்தியும் எடுத்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்த கூட்டாளி சிரித்துக்கொண்டே, "முதல்ல அப்படித்தாங்க இருக்கும், போகப் போகப் பழகிப்போயிடும்" என்று சொல்லியிருப்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பழகித்தான் போகிறது. அப்படிப் பழகுவது உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பருத்தியிலும் அவரையிலும் அசுவினி விழுந்தால் நம் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? புகையிலைக் காம்பைத் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ச்சி, சோப்புக் கரைசல் கலந்து தெளித்தார்கள். பூச்சி சுருண்டு விழுந்தது. அதைக் கொன்ற பொருளுக்கு நிக்கோட்டின் என்று பெயர். 1560-ஆம் ஆண்டுவாக்கில் புகையிலையைப் பிரான்சு தேசத்து அரண்மனைக்கு அனுப்பி வைத்த ஜான் நிக்கோ என்ற தூதரின் பெயரால் வந்த பெயர் அது. 1828-இல் ஜெர்மனியில் இருவர் அதைப் புகையிலையிலிருந்து தனியாகப் பிரித்தெடுத்தார்கள். பூச்சியின் நரம்பைத் தாக்கும் அதே பொருள்தான் மனிதனின் நரம்பையும் தாக்குகிறது. நம் உடம்பு பெரியது, உள்ளே போகும் அளவு சிறியது. அதனால் பூச்சி சாகிறது, நமக்குத் தலை சுற்றுவதோடு நிற்கிறது.

புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடுகிறது. ஊசி போட்டால்கூட இவ்வளவு சீக்கிரம் ஏறாது. மூளையில் வாந்தியைத் தூண்டும் இடம் ஒன்று இருக்கிறது. விஷம் வந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்ததும் குமட்டல் வருகிறது. இருதயம் படபடக்கிறது, தோலில் இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் வெளுத்துப் போகிறது. இது போதாதென்று, புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவும் இருக்கிறது. இரத்தம் பிராணவாயுவைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு மூளைக்குப் போகும் பிராணவாயு குறையும். வெறும் வயிற்றில் பிடித்தாலும், அவசர அவசரமாக இழுத்தாலும் கிறுகிறுப்பு அதிகமாக வரும். பீடி அடிக்கடி அணைந்து போகும் என்பதால் விடாமல் இழுக்க வேண்டியிருக்கிறது, அதனால் உள்ளே போவதும் கூடுகிறது.

"நான் புகையை உள்ளே விழுங்கறதில்லீங்க, வாயோட சரி" என்று சுருட்டோ பைப்போ பிடிப்பவர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கும் தலை சுற்றத்தான் செய்கிறது. சுருட்டுப் புகையில் காரத்தன்மை உண்டு. காரம் சேர்ந்த நிக்கோட்டின், வாயின் உள்தோல் வழியாகவே இரத்தத்தில் இறங்கிவிடும்.

நம் ஊரில் அதிகம் பேர் அறிந்த விஷயத்தையும் இதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறோம், அதன்மேல் புகையிலை வைக்கிறோம். சுண்ணாம்பு காரம். அது புகையிலையிலிருக்கும் நிக்கோட்டினை விடுவித்துக் கன்னத்தோல் வழியாக வேகமாக ஏற்றிவிடுகிறது. உள்ளங்கையில் சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்து உதட்டில் அடக்கும் புகையிலைக்கும் இதே கதைதான். "சுண்ணாம்பு போட்டாத்தான் சுருக்குன்னு ஏறுது" என்று சொல்வார்களே, அதன் காரணம் இதுதான். சாற்றை விழுங்கிவிட்டால் குமட்டல் இன்னும் கூடும். போதாக்குறைக்குப் பாக்கும் தன் பங்குக்குச் செய்கிறது. சில பாக்கு தின்றால் நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

வெண்ணந்தூர், அத்தனூர், ராசிபுரம் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்கள் நிறைய. பஞ்சுத் தூசி பறக்கும் பட்டறைக்குள் பீடி பற்றவைக்க முடியாது. அதனால் இராத்திரி தறியில் தூக்கம் வராமலிருக்கக் கடைவாயில் புகையிலையை அடக்கிக்கொள்பவர்கள் உண்டு. ஓடும் தறியின் பக்கத்தில் புதிதாக ஒருவருக்குக் கிறுகிறுப்பு வந்தால் அது ஆபத்து. கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

புகையிலையை வாயில் போடாமலே இந்த மயக்கம் வருவதும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர்ப் பக்கம் போலப் புகையிலை விளையும் இடங்களில், பனி ஈரத்தோடு பச்சை இலையை அறுத்துச் சுமப்பவர்களுக்கு நிக்கோட்டின் தோல் வழியாகவே உள்ளே இறங்கிவிடும். சாயந்திரம் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம். வெயில் தாக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வேலைக்குக் கூலியாகப் போகிறவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, இலை காய்ந்த பிறகு தொடுவது நல்லது.

சரி, பழகிப்போவது என்றால் என்ன? சில நாட்களில் மூளை நிக்கோட்டினுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அதனால் கிறுகிறுப்பு நின்றுவிடுகிறது. உள்ளே போகும் விஷம் குறையவில்லை, எச்சரிக்கை மணிதான் அடிக்கவில்லை. பிறகு நிக்கோட்டின் இல்லாவிட்டால் தலைவலி, எரிச்சல், வேலை ஓடாமை. காலையில் எழுந்ததும் பீடி தேடுவது அதனால்தான். "எனக்கு ஒண்ணும் பண்றதில்லையே" என்று சொல்லும் கட்டத்தில்தான் நுரையீரலிலும் கன்னத்திலும் வேலை நடக்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயே முதலிடம். வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

இனி வீட்டுக்காரிக்கு.

கல்யாணமான பெண்ணுக்குத் தலை சுற்றினால் ஊரே "விசேஷமா?" என்று கேட்கும். மசக்கைக் குமட்டலுக்கு வெற்றிலை போடச் சொல்லும் பெரியவர்கள், கூடவே ஒரு துண்டு புகையிலையும் கொடுப்பதுண்டு. பல்வலிக்கும் அதையே வைப்பார்கள். கர்ப்பத்தில் இது கூடவே கூடாது. நிக்கோட்டின் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தை எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறக்கும். வயிற்றிலேயே இறந்து போவதும் உண்டு. பிறந்த பிறகு தாய்ப்பாலிலும் அது கலக்கிறது. தாய் போடாவிட்டாலும், அறைக்குள் புருஷன் விடும் புகை அவளுக்கும் குழந்தைக்கும் சேரும்.

"ஏனுங்க, வாசல்ல போயாவது பிடிங்களேன்."

"மழை பெய்யுது, ஒரு பீடிதான?"

இப்படித்தான் பல வீடுகளில் பேச்சு முடிகிறது. வாசலுக்குப் போனால் அறையில் புகை குறையும், ஆனால் பீடி குறைவதில்லை. எங்களைக் கேட்டால், பிள்ளை உண்டாகியிருக்கும் அந்தப் பத்து மாதம்தான் புருஷன் பீடியை விடுவதற்கு நல்ல காலம். புகைபிடிக்கும் பழக்கமுள்ள பெண் 35 வயதைத் தாண்டியவராக இருந்தால், மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரைகள் அவருக்கு ஏற்றவை அல்ல. இரத்தக் குழாய் அடைப்பு வரலாம். செவிலியரிடம் மறைக்காமல் சொல்லி வேறு முறையைக் கேளுங்கள்.

கிறுகிறுப்பு வந்தவருக்கு என்ன செய்வது? வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் உட்காரவோ ஒருக்களித்துப் படுக்கவோ வையுங்கள். தெளிவாக இருந்தால் மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுக்கலாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாதாரணமாக ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். நினைவு தப்பினாலோ, வலிப்போ மூச்சுத் திணறலோ வந்தாலோ 108-க்குச் சொல்லுங்கள். தவழும் குழந்தை பீடித் துண்டையோ புகையிலையையோ விழுங்கிவிட்டால் காத்திருக்கவே வேண்டாம். மிச்சம் இருப்பதைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெரியவருக்கு வெறும் மயக்கம் தரும் அளவு, குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

விட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விட்ட ஓரிரு நாளிலும் சிலருக்குத் தலை சுற்றும். பயப்பட வேண்டாம், உடம்பு மறுபடி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. முதல் மூன்று நாள்தான் கடினம். கோபம் வரும், தூக்கம் கெடும். வீட்டில் அந்த நாட்களில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகவேண்டும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனைத் தொலைபேசி எண் 1800-112-356. கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.