ஈரலைப் பார்த்து நோயை அறிவோம்

கலகெதரச் சரிவுகளில் மரவள்ளி நட்டவர்களுக்குக் காட்டுப்பன்றியின் தொல்லை தெரியும். இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனேன். தோட்டத்தில் புகுந்த பன்றியை அன்று காலை கொன்றிருந்தார்கள். "பாதர், ஈரலிலை வெள்ளைப் புள்ளியள் கிடக்கு. பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ, நாய்க்குப் போடுறதோ?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். நம்மில் பலருக்கும் உள்ள கேள்வி இது.

நல்ல ஈரல் செங்கபில நிறமாய், வழுவழுப்பாய், ஓரம் கூர்மையாய் இருக்கும். மாறுதல் கண்டால் கவனியுங்கள்.

வெள்ளைப் புள்ளிகள்: பன்றியின் வட்டப்புழுக் குஞ்சுகள் ஈரலினூடாகப் போன வடுக்கள். சிலவே இருந்தால் வெட்டி நீக்கி, மிகுதியை நன்றாக அவிக்கலாம். ஈரல் முழுவதும் பரந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

தடித்த குழாய்கள்: ஆடு, மாடுகளில் பித்தக்கான் தடித்து, வெட்டினால் இலைபோன்ற புழு வெளிவரும். இது ஈரல் தட்டையன். அந்த ஈரலைத் தின்பதால் இப்புழு நமக்குத் தொற்றாது. ஆனாலும் பழுதான ஈரல் உணவுக்கு ஆகாது. இதன் குஞ்சுகள் நத்தையில் வளர்ந்து, நீரோரப் பூண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். வயலோரத்தில் பிடுங்கிய வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுவதில்தான் நமக்கு ஆபத்து.

நீர்ப்பைகள்: இவை நாயின் நாடாப்புழுவுடைய குஞ்சுப் பருவம். நாய் இதைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும். முட்டை மலத்தோடு முற்றத்தில் விழும். சிலவகைப் புழுவின் முட்டை பிள்ளைகளின் கையால் வாய்க்குப் போனால், அவர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே நீர்ப்பை வளரும். நாய்க்குப் போடுவது வீண்போகாமல் காப்பதுபோலத் தோன்றும். உண்மையில் நோயை வீட்டுக்குள் அழைப்பதாகும்.

மஞ்சள் நிறம், சீழ், கெட்ட நாற்றம்: முழு உடலையும் தள்ளிவிடுங்கள். மஞ்சள் நிறம் எலிக்காய்ச்சலின் அடையாளமாகவும் இருக்கலாம். அது இரத்தம், சிறுநீர் வழியே கைக் காயத்தினூடாகத் தொற்றும். 2008இல் இலங்கையில் 7000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் நோயாளராகப் பதிவாயினர். ஆகவே கையுறையோ பொலித்தீன் பையோ அணிந்து வெட்டுங்கள். பின் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். தானாகச் செத்துக்கிடக்கும் மிருகத்தை வெட்டவே வேண்டாம்.

கண்ணுக்கு எல்லாம் தெரியாது. ஜப்பானில் காட்டுப்பன்றி ஈரலைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை அந்நாட்டு வைத்தியர்கள் 2003இல் அறிவித்தனர். எனவே சுத்தமான ஈரலையும் நடுவில் சிவப்பு மாறும்வரை வேகவையுங்கள்.

இறைச்சி அரிதான வீட்டில் 'எறிந்துவிடு' என்று சொல்வது இலகுவல்ல. அந்த ஈரலை அம்மாவும் நானும் வெட்டிப் பார்த்தோம். எங்கும் புள்ளியாய் இருந்தது. நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்து, மேலே கல் வைத்தோம். இறைச்சியை நன்றாக அவித்துப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சந்தேகம் வந்தால் அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.