காரணம் தெரியாத வயிற்றுவலி



செண்டாயான் வட்டாரத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களும் செம்பனைக் காட்டில் உழைக்கும் குடும்பங்களும் நன்கறிந்த ஒரு தொல்லையைப் பற்றி இன்று பார்ப்போம். விடியுமுன் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் வயிறு பிசையும். இரண்டு மூன்று முறை வெளியே போகவேண்டி வரும். போய்வந்தால் வலி சற்று அடங்கும். வேறு சிலருக்கோ நாட்கணக்கில் மலச்சிக்கலும் உப்புசமும் இருக்கும். மருத்துவமனையில் சோதித்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்பார்கள். உடனே வீட்டில், "வேலைக்குப் போகச் சோம்பல்" என்ற பேச்சு எழும். குடலேற்றம் என்று சொல்லி வயிற்றை உருவிவிடுவாரும் உண்டு.

சோதனையில் புண்ணோ கட்டியோ இல்லை என்பது உண்மைதான். அதனால் வலியே இல்லை என்று ஆகிவிடாது. இதனை மருத்துவர்கள் குடல் எரிச்சல் நோய் என்றும், சுருக்கமாக ஐ.பி.எஸ். என்றும் சொல்வர். குடலின் அமைப்பில் கேடு தெரிவதில்லை. அதன் வேலைதான் ஒழுங்கு தவறுகிறது. நம் நாட்டு மருத்துவ மாணவரிடையே நடத்தி 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்கு இந்நோய் காணப்பட்டது. ஆகவே இதைச் சோம்பேறிகளின் நோய் என்பது தவறு.

குடலின் வேலை ஒழுங்கு தவறுவது ஏன்? இதை அறியச் செரொட்டோனின் என்னும் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1930-களில் இத்தாலிய அறிஞர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதனைக் குடலில் கண்டு, என்டரமின் என்று பெயரிட்டார். 1948-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகியோர் இரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, செரொட்டோனின் என்றனர். இரண்டும் ஒன்றே என்பது 1952-இல் தெளிவாயிற்று. மூளையிலும் இது உண்டு. ஆனால் உடலிலுள்ள செரொட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இருப்பது குடலில்தான்.

அங்கே இதன் வேலையைப் பள்ளிக்கூட மணிக்கு ஒப்பிடலாம். உணவு வந்து குடற்சுவரை அழுத்தியதும், சுவரிலுள்ள சில உயிரணுக்கள் செரொட்டோனினை வெளிவிடுகின்றன. அது அருகிலுள்ள நரம்பு நுனிகளைத் தட்டி எழுப்புகிறது. உணவுக்குப் பின்னால் குடல் சுருங்குகிறது, முன்னால் தளர்கிறது. உணவு நகர்கிறது, நீரும் சுரக்கிறது. வேலை முடிந்ததும் செரொட்டோனினை வேறு உயிரணுக்கள் உள்ளிழுத்துக்கொள்கின்றன. மணி ஓய்கிறது.

மணி ஓயாமல் அடித்தால் என்ன ஆகும்? குடல் விரைந்து தள்ளும்; வயிற்றுப்போக்கு உண்டாகும். மணி போதிய அளவு அடிக்காவிட்டால் குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரலாம். நரம்புகள் மிகவும் கூர்மையாகிவிட்டாலோ, சிறு ஓசைகூட இடியாகக் கேட்கும்; சாதாரணக் காற்றும் வலியாகத் தோன்றும். செரொட்டோனினைத் திரும்ப உள்ளிழுக்கும் பொருள் நோயாளிகளின் குடலில் குறைந்திருப்பதாக 2004-இல் வெர்மாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் தெரிவித்தனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரே விதமாகக் காட்டவில்லை. எனவே செரொட்டோனின் ஒன்றே காரணம் என்று சொல்வதற்கில்லை. கிருமியால் வந்த கடும் வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சிலருக்கு இந்நோய் தொடங்குவதுண்டு. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனக்கவலைக்கும் இதில் பங்குண்டு. தேர்வு நாளில் பிள்ளைகளின் வயிறு கலங்குவதை நாம் பார்க்கிறோமல்லவா? மூளையும் குடலும் நரம்புவழி ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. கவலை வலியைக் கூட்டும். வலி கவலையைக் கூட்டும். அப்படியிருக்க, நோயாளியை ஏசுவதால் நோய்தான் வளரும்.

சில வேளைகளில் மருத்துவர் அமிட்ரிப்டிலின் என்னும் மாத்திரையைச் சிறிய அளவில் தருவார். இது மனச்சோர்வுக்கும் தரப்படும் மருந்து என்று யாராவது சொன்னதும், "என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட்டார்" என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. வலியைக் கடத்தும் நரம்புகளைத் தணிக்கவே அது தரப்படுகிறது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இம்மருந்து பயன் தருவதைக் காட்டியது. ஆனால் நாமாகக் கடையில் மருந்து வாங்குவது தகாது. குடலில் செரொட்டோனினின் வேலையைத் தடுக்கும் அலோசெட்ரான் என்ற மருந்து 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. குடலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து சிலருக்கு ஆபத்து நேர்ந்ததால், அதே ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. 2002-இல் கடும் கட்டுப்பாடுகளுடனேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வேளை தவறாமல் அளவாக உண்ணுங்கள். வெறும் வயிற்றில் காப்பியும், மிகுந்த காரமும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். வெங்காயம், பால், கோதுமை ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. எதைத் தின்றால் வலி வருகிறது என்று இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள். மலச்சிக்கல் உள்ளோர்க்கு இசப்கோல் போதிய தண்ணீருடன் உதவும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றைக் குடல் எரிச்சல் என்று தள்ளிவிடக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தொல்லையும் அப்படியே. நாள் கடத்தாமல் சுகாதார நிலையத்துக்கோ சிரம்பான் மருத்துவமனைக்கோ செல்லவேண்டும்.

இவை எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி சொன்னால் மனம் தேறலாம். அதன்பின் நோயாளிக்கு வேண்டியது முறையான உணவும், மருத்துவர் சொன்ன மருந்தும், "உன் வலி உண்மைதான்" என்று சொல்லும் குடும்பமும்தான்.