மூணு வட்டிக்கு ஒரு மிளகுக்கொடி

மலைக்கணக்கு – 9

போன வாரம் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு ஜவ்வரிசி ஆலைகளைத் தேடிக் கீழே இறங்கிய தொடர், இந்த வாரம் காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ஏறியதும் கொஞ்ச தூரத்திலேயே ஒரு மிளகுக்கொடியின் அடியில் நின்றுவிடப் போகிறது.

கொல்லிமலையில் மிளகுக்கொடிக்குப் பிடிமானம் பெரும்பாலும் சில்வர் ஓக் மரம்தான். நட்டு மூன்று வருஷம் வரைக்கும் அது வெறும் பச்சை. அப்புறம்தான் சரம் விடும். நல்ல காய்ப்புக்கு வர ஏழெட்டு வருஷம் ஆகும். கொடிக்கு அவசரம் இல்லை. வீட்டுக்கு அப்படியா? கல்யாணம் வரும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், நாமக்கல்லில் படிக்கிற பிள்ளைக்கு ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும். அதனால் காய்ப்புக்கு முன்பே மரத்தையும் கொடியையும் வியாபாரியிடம் குத்தகை பேசிவிடுவது தமிழ்நாட்டு மலைகளில் பழைய வழக்கம். வியாபாரி அண்ணாந்து பார்ப்பார். இலையைப் புரட்டிப் பார்ப்பார். "நீங்களே ஒரு விலை சொல்லுங்கண்ணே" என்பார் கொடிக்காரர். அவரும் சொல்வார்.

அந்த விலை எங்கிருந்து வந்தது? இன்னும் காய்க்காத ஒன்றுக்கு, வருங்காலத்தில் மட்டுமே வருமானம் தரப்போகிற ஒன்றுக்கு, இன்றைய தேதியில் என்ன மதிப்பு? இந்த ஒரே கேள்வியை 40 வருஷமாக வகுப்பறையில் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் நியூயார்க்கில் இருக்கிறார். சென்னைக்காரர். பெயர் அஸ்வத் தாமோதரன்.

லயோலா கல்லூரியில் பி.காம். பெங்களூரு ஐஐஎம்மில் மேலாண்மைப் படிப்பு, 1979இல் முடித்தார். பிறகு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எம்.பி.ஏ., தொடர்ந்து 1985இல் முனைவர் பட்டம். அந்தக் காலத்தில் இந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் வங்கியிலோ ஆலோசனை நிறுவனத்திலோ போய்ச் சேர்ந்தார்கள். இவருக்கு நடந்தது வேறு. எம்.பி.ஏ. படிக்கும்போது கைச்செலவுக்காக உதவி ஆசிரியர் வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டார். முதல் வகுப்பு முடிவதற்குள்ளேயே, இனி வாழ்நாள் முழுக்கச் செய்யப்போவது இதுதான் என்று தெரிந்துவிட்டதாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1984 முதல் 1986 வரை பெர்க்லியில் பாடம் நடத்திவிட்டு, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன் வணிகப் பள்ளிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். புத்தகங்கள் நிறைய எழுதினார். வால் ஸ்ட்ரீட் அவரை 'மதிப்பீட்டுத் துறையின் டீன்' என்று அழைக்கிறது. அவர் தன்னை வாத்தியார் என்றுதான் முதலில் சொல்லிக்கொள்கிறார்.

வாத்தியார் என்று சொல்லிக்கொள்வது எளிது. இவர் அதற்கான கூலியைக் கொடுத்தவர். இணையம் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த 1990களிலேயே பாடக் குறிப்புகளைத் தன் தளத்தில் போடத் தொடங்கினார். வகுப்புகளின் வீடியோ, தேர்வுத் தாள், அதன் விடை, எக்செல் தாள்கள் எல்லாமே இலவசம். ஸ்டெர்னில் எம்.பி.ஏ. படிக்கக் கோடிக் கணக்கில் செலவாகும் காலம் இது. அதே பாடத்தைக் கொல்லிமலைச் செம்மேட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனில் பார்க்கலாம். ஒவ்வொரு ஜனவரியிலும் உலகெங்கும் பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட பல்லாயிரம் நிறுவனங்களின் கணக்கை அலசி, துறைவாரியாக, நாடுவாரியாகப் பிரித்துப் பொதுவில் வைத்துவிடுகிறார். தரவு விற்பனையே பெரிய வியாபாரமாக இருக்கிற ஊரில் இது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான்.

அவர் வகுப்பின் அடிப்படை ஒரு சண்டை. மாணவர்களில் இரண்டு சாதி என்பார். எண்ணை நம்புகிறவர்கள் ஒரு பக்கம், கதையை நம்புகிறவர்கள் மறுபக்கம். முதல் ஆள் எக்செல் தாளில் இருபது வருஷத்துக்கு வளர்ச்சி விகிதத்தை இழுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். இரண்டாம் ஆள், 'இந்தக் கம்பெனி உலகத்தையே மாற்றப்போகிறது' என்று பேசிவிட்டுத் தூங்குவார். இருவரையும் அவர் தூங்க விடுவதில்லை. வருமானம் இத்தனை சதவீதம் வளரும் என்று எழுதினால், அதற்குப் பின்னால் என்ன கதை என்று கேட்பார். பெரிய கதை சொன்னால், அது எந்தக் கட்டத்தில் எந்த எண்ணாக உட்காரும் என்று கேட்பார். 2017இல் வந்த 'நேரேட்டிவ் அண்ட் நம்பர்ஸ்' முழுக்க இதுதான்.

மாணவர்களுக்குக் கொடுக்கும் உதாரணங்களிலும் ஒரு குறும்பு உண்டு. நிறுவன நிதி பாடத்தில் டிஸ்னி வரும், பிரேசிலின் வாலே வரும், நம்மூர் டாடா மோட்டார்ஸ் வரும், டாய்ச்சு வங்கி வரும். இந்த யானைகளுக்கு நடுவே 'புக்ஸ்கேப்' என்று ஒரு புத்தகக் கடை. நியூயார்க்கில் ஒரே முதலாளி நடத்தும் சின்னக் கடையாக அதை வைத்துக்கொள்கிறார். பங்குச் சந்தையில் விலை கிடையாது. அந்தக் கடைதான் இந்தத் தொடருக்கு வேண்டியது.

டிஸ்னியின் பங்கை வைத்திருப்பவர் வேறு நூறு பங்குகளும் வைத்திருப்பார். டிஸ்னி தும்மினால் அவருக்குச் சளி பிடிக்காது. புக்ஸ்கேப் முதலாளிக்கு இருப்பதெல்லாம் அந்த ஒரு கடைதான். கடைக்கு வரும் எல்லா ஆபத்தும் அவர் தலையில்தான் விழும். ஆகவே அவர் எதிர்பார்க்க வேண்டிய லாப விகிதம் அதிகம். நாளைய பணத்தை இன்றைய மதிப்புக்கு இறக்கும் கழிவு விகிதம் அதிகம். கடை அவருக்குத் தருகிற மதிப்பு குறைவு. அதே கடையை நூறு கடைகள் வைத்திருக்கும் கம்பெனி வாங்கினால் மதிப்பு கூடிவிடும். கல், மண், அலமாரி, புத்தகம் எதுவும் மாறவில்லை. வைத்திருக்கும் ஆள்தான் மாறியிருக்கிறார்.

இனி கொல்லிமலைக் கொடிக்கு வரலாம். ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். இன்று நட்ட கொடி. முதல் மூன்று வருஷம் ஒன்றுமில்லை. நான்காம் வருஷத்திலிருந்து பத்து வருஷத்துக்கு, பறிகூலி, பராமரிப்பு எல்லாம் போக வருஷத்துக்கு 800 ரூபாய் கையில் நிற்கிறது. வங்கியில் 12 சதவீத வட்டிக்குப் பணம் புரட்டக்கூடிய ஒருவருக்கு இந்தக் கொடியின் இன்றைய மதிப்பு சுமார் 3,217 ரூபாய்.

அதே கொடி, அதே 800 ரூபாய். ஆனால் கொடிக்காரர் வெளியில் 'மூணு வட்டி'க்கு வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36. இந்த விகிதத்தைப் போட்டால் கொடியின் மதிப்பு 843 ரூபாய்க்கு வந்து நிற்கிறது.

கடன் வட்டியும் ஆபத்துக்கான விகிதமும் ஒன்றல்ல என்று தாமோதரனின் மாணவர் யாராவது கை தூக்குவார். சரிதான். ஆனால் நாளைக்குள் பணம் வேண்டும் என்கிற வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. வங்கிப் பணம் புரட்டக்கூடிய வியாபாரி 1,500 ரூபாய் என்று சொன்னால், அவர் கணக்கில் பாதி விலைக்கும் கீழே வாங்குகிறார். கொடிக்காரர் தன் கணக்கில் ஏறக்குறைய இரட்டை விலைக்கு விற்கிறார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போவார்கள். வெளியிலிருந்து வருகிறவர், 'ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதிவிட்டுப் போவார். ஏமாற்று எங்கே இருக்கிறதென்றால், ஒருவருக்கு 12க்கும் இன்னொருவருக்கு 36க்கும் பணம் கிடைக்கிறதே, அந்த இடத்தில் இருக்கிறது.

யார் மதிப்புப் போடுகிறார், அவருக்குச் சம்பளம் தருவது யார் என்று பார்க்காமல் எந்த மதிப்பீட்டையும் படிக்காதே என்பதும் தாமோதரனின் முதல் வகுப்புகளிலேயே வந்துவிடும். மதிப்பிடுகிறவர் பெரும்பாலும் விடையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதாகக் கணக்கைப் பின்னால் போடுகிறார் என்பது அவருடைய பழைய புகார். கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்கிறவர் தப்புச் செய்வதே இல்லையா? செய்கிறார், அதுவும் எல்லாரும் பார்க்க. 2014இல் ஊபர் நிறுவனத்துக்கு முதலீட்டாளர்கள் 1,700 கோடி டாலர் மதிப்புப் போட்டபோது, இவர் கணக்கு சுமார் 590 கோடி டாலரில் நின்றது. ஊபரை நகரத்து டாக்சி வியாபாரமாகப் பார்த்ததன் விளைவு. ஊபரின் முதலீட்டாளர்களில் ஒருவரான பில் கர்லி, சொந்தக் கார் வைத்திருப்பதையே மக்கள் குறைத்துக்கொள்வார்கள், சந்தை நீங்கள் நினைப்பதைவிடப் பலமடங்கு பெரிது என்று பகிரங்கமாக மறுத்தார். வேறு பேராசிரியராக இருந்தால் ஈகோ குறுக்கே வந்திருக்கும். இவர் கர்லியின் கதையை எடுத்துத் தன் எக்செல் தாளிலேயே போட்டு, மதிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று காட்டினார். அந்த மோதல் இன்று அவர் புத்தகத்தில் ஒரு பாடம்.

சொமேட்டோ விஷயம் நம்மூரில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2021 ஜூலையில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியீடு. இவர் போட்ட மதிப்பு சுமார் 41. பங்கு முதல் நாளே 100 ரூபாயைத் தாண்டியதும் கிண்டல் கிளம்பியது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2022 ஜூலையில் விலை அந்த 41க்கே வந்து நின்றபோது பத்திரிகைகள் அவரைத் தீர்க்கதரிசி ஆக்கின. அந்தப் பட்டத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. விலை தன் எண்ணைத் தொட்டதால் தன் கணக்கு சரியாகிவிடாது என்று எழுதிவிட்டு, புதுத் தகவல்களை வைத்து மதிப்பை இன்னும் கீழே இறக்கினார். 2024 டிசம்பரில் பங்கு 300 ரூபாயைத் தொட்டது. தீர்க்கதரிசி பட்டம் கொடுத்தவர்கள் அப்போது சத்தம் போடவில்லை. அவருடைய பழைய எக்செல் தாள்களோ இன்னும் தளத்தில் அப்படியே கிடக்கின்றன, யாரும் இறக்கிப் பார்க்கலாம்.

அவர் முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. அது பட்டியலிட்ட நிறுவனங்களின் உலகத்தில் பிறந்தது. பெங்களூரு ஐஐஎம்மில் நெடுங்காலம் நிதி கற்பித்த ஆர். வைத்தியநாதன் 2014இல் 'இந்தியா அன்இன்க்.' என்று ஒரு புத்தகம் எழுதினார். கம்பெனிச் சட்டத்துக்குள் வராத கடைகள், தொழில்கள், குடும்ப வியாபாரங்கள்தான் இந்தியாவைத் தூக்கி நிறுத்துகின்றன என்பது அதன் வாதம். அந்த உலகத்தில் ஆண்டறிக்கை கிடையாது. கணக்கு நோட்டே இல்லாத இடங்களும் நிறைய.

கொல்லிமலைச் சாமையை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளி வந்து சாமையைத் தள்ளிவிட்டது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். கிழங்குக்கு ஆலை இருக்கிறது, ரொக்கம் வருகிறது, காரணம் புரிகிறது. அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. சாமையின் தோல் லேசில் போகாது. உரலில் போட்டு உலக்கையால் குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். அது பெண்களின் வேலை, கூலி கிடையாது. கூலி இல்லாததால் செலவாகவும் யாரும் எழுதவில்லை. செலவே இல்லாத பயிர் என்று பேர் வாங்கிய சாமையைக் கைவிடுவதில் வீட்டுப் பெண்களுக்கு ஏன் பெரிய வருத்தம் இல்லை என்பது அந்த எழுதாத வரியில் இருக்கிறது.

1990களில் மலைக்கு வந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிறுதானிய வகைகளைக் காப்பாற்ற வந்தவர்கள். விதையோடு நிறுத்திக்கொள்ளாமல், தோல் நீக்கும் மில்களையும் ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மில் வந்ததும் கிலோவுக்கு இவ்வளவு என்று அரைவைக் கூலி வந்துவிட்டது. உலக்கைக்கு இல்லாத விலை முதன்முதலாகக் கணக்கில் ஏறியது.

அடுத்த வாரம் அந்த மில்லுக்குள் போகலாம்.

(தொடரும்)