சாயப் பெட்டிக்கு எந்த விசிறி?

மாதிரி விமானம், கண்டாம் ரோபோ, சிறிய போர்க்கப்பல் என்று பிளாஸ்டிக் பாகங்களைப் பொருத்திச் சாயம் அடிக்கும் பொழுதுபோக்கு உங்களில் பலருக்கு இருக்கும். தூரிகையால் பூசினால் கோடு கோடாகத் தெரிகிறது என்று ஏர்பிரஷ் வாங்குவீர்கள். அடுத்த வாரமே வீடெல்லாம் தின்னர் வாடை அடிக்கிறது என்று அம்மா சத்தம் போடுவார். பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து, பின்புறம் துளையிட்டு, ஒரு விசிறியைப் பொருத்தி, சன்னல் வரை குழாய் இழுப்பீர்கள். பெட்டி செய்வது எளிது. விசிறியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள்.

முதலில் எவ்வளவு காற்று தேவை என்று பார்ப்போம். பெட்டியின் திறந்த வாய் 50 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 0.2 சதுர மீட்டர். சாயத்துளியும் ஆவியும் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பாமல் இருக்க, அந்த வாய் முழுவதும் காற்று உள்நோக்கி நகரவேண்டும். தொழிற்கூடச் சாயக் கூண்டுகளில் பின்பற்றப்படும் வழக்கமான அளவு நொடிக்கு 0.5 மீட்டர். கையை நீட்டினால் லேசாக உணரலாம், அவ்வளவுதான். இதைவிட மிகக் குறைந்தால், நீங்கள் கையை அசைப்பதே ஆவியை வெளியே இழுத்துவிடும். மிக அதிகமானால் தெளிப்பே திசைமாறும்.

பரப்பளவை வேகத்தால் பெருக்குங்கள்: நொடிக்கு 0.1 கன மீட்டர், அதாவது மணிக்கு 360 கன மீட்டர். கடைகளில் சிஎஃப்எம் என்று எழுதியிருந்தால் அது நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று பொருள். 1 சிஎஃப்எம் மணிக்கு ஏறத்தாழ 1.7 கன மீட்டர். நமக்கு 212 சிஎஃப்எம் வேண்டும்.

இப்போது ஒரு மாணவர் இப்படி யோசிக்கலாம். கணினிக்குள் இருக்கும் 12 சென்டிமீட்டர் விசிறி ஒன்று மணிக்கு 100 கன மீட்டர் தள்ளும் என்று அதன் பெட்டியில் போட்டிருக்கிறது. நான்கை வரிசையாகப் பொருத்தினால் 400 ஆகிறதே! விலையும் குறைவு, சத்தமும் இல்லை.

கூட்டல் சரிதான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. விசிறிக்கு முன்னும் பின்னும் வெட்டவெளி இருந்தால்தான் அந்த 100 கிடைக்கும். அதே பெட்டியில் இன்னோர் எண்ணும் இருக்கும்: நிலையழுத்தம், சுமார் 20 பாஸ்கல். அது விசிறியின் வாயை முழுவதுமாக அடைத்து, காற்றே நகராதபோது அளந்தது. உண்மையில் விசிறி இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ ஓடும். இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் ஒருபோதும் கிடைப்பதில்லை. விற்பனையாளர்கள் இதை வலிந்து விளக்குவதும் இல்லை.

தடை எங்கிருந்து வருகிறது? சாயத்துளிகளைப் பிடிக்கும் வடிகட்டி, குழாயின் வளைவுகள், சுருக்கம் சுருக்கமாக இருக்கும் குழாயின் உட்சுவர் எல்லாம் தடைதான். இவற்றையெல்லாம் மறந்துவிட்டாலும், நின்றிருந்த காற்றைக் குழாய்க்குள் வேகமாக ஓடவைக்கவே அழுத்தம் தேவை. காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நொடிக்கு 0.1 கன மீட்டர் போகவேண்டுமென்றால் காற்று நொடிக்கு 12.7 மீட்டர் வேகத்தில் ஓடவேண்டும். அதற்கு 97 பாஸ்கல் வேண்டும். நம் கணினி விசிறிகளிடம் இருப்பதோ 20. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காற்றின் அளவுதான் கூடும், அழுத்தம் கூடாது. பத்து விசிறி வைத்தாலும் அதே 20தான்.

அழுத்தம் கூடக் கூடக் காற்றின் அளவு நேர்கோட்டில் குறைகிறது என்று எளிமையாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்த நான்கு விசிறிகளும் சேர்ந்து மணிக்கு 130 கன மீட்டர் அளவில்தான் தள்ளும். தேவையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான்.

குழாயைச் சற்றே அகலமாக்கினால் என்ன ஆகிறது பாருங்கள். 15 சென்டிமீட்டர் குழாயில் வேகம் நொடிக்கு 5.7 மீட்டராகவும், தேவையான அழுத்தம் 19 பாஸ்கலாகவும் இறங்குகிறது. விட்டம் ஒன்றரை மடங்கு கூடியதற்கு அழுத்தம் ஐந்தில் ஒன்றாகிவிட்டது, ஏனென்றால் இங்கே விட்டத்தின் நான்காம் அடுக்கு வேலை செய்கிறது. என்னைக் கேட்டால், கூடுதலாகக் கையில் இருக்கும் பணத்தை முதலில் குழாயின் அகலத்துக்குச் செலவிடலாம். குழாயைக் குட்டையாகவும் நேராகவும் வைப்பதற்குச் செலவே இல்லை.

அகலக் குழாயிலும் வடிகட்டிக்கு மிச்சம் வேண்டும் அல்லவா? அதனால் சில நூறு பாஸ்கல் அழுத்தம் தரும் விசிறியைத் தேடவேண்டும். குழாயின் நடுவில் பொருத்தும் விசிறிகளில் 15 சென்டிமீட்டர் ரகம் இதற்குப் பொருந்தும். அணில் கூண்டுபோல் உருளை வடிவில் இதழ்கள் சுழலும் மையவிலக்கு ஊதியும் பொருந்தும். குளியலறைச் சுவரில் இருக்கும் மெல்லிய விசிறி பெரும்பாலும் பொருந்தாது. அது சுவரின் மறுபுறம் தள்ளுவதற்கென்றே செய்யப்பட்டது.

விசிறி பலவீனமாக இருந்தால் வாடை அடிக்கும், அவ்வளவுதானே என்று நினைத்துவிட வேண்டாம். தின்னர் ஆவி காற்றோடு குறிப்பிட்ட அளவுக்கு மேல் கலந்தால் தீப்பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும். அசிட்டோனுக்கு அந்தக் கீழெல்லை ஏறத்தாழ 2.5 விழுக்காடு. ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் தெளிக்கிறது என்று கொண்டால், அதிலிருந்து வரும் ஆவி சுமார் 0.65 லிட்டர். நல்ல விசிறி நிமிடத்துக்கு 6,000 லிட்டர் காற்றை இழுக்கும்போது அது 0.011 விழுக்காடுதான். எல்லையிலிருந்து இருநூறு மடங்குக்கு மேல் தள்ளி நிற்கிறோம்.

ஸ்பிரே டின் வேறு கதை. அதில் சாயத்தைத் தள்ளும் வாயு பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும்தான். சமையல் எரிவாயுவில் இருப்பதும் அவைதாம். நொடிக்கு 1 கிராம் வெளியேறி, அத்தனையும் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 25 லிட்டர் ஆவி. நல்ல விசிறியுடன் 0.4 விழுக்காடு. நான்கு கணினி விசிறிகளுடன் 1.1 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பியூட்டேனின் கீழெல்லை சுமார் 1.8. விசிறியே ஓடாவிட்டால், 80 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி அந்த எல்லையைத் தொட நான்கு நொடிகூட வேண்டாம். இவை பெட்டி முழுவதற்குமான சராசரி. டின்னின் மூக்குக்கு அருகே எப்போதும் இதைவிட அதிகமாகவே இருக்கும். அதனால் ஸ்பிரே டின்னைத் திறந்தவெளியில் மட்டும் பயன்படுத்துங்கள். வீட்டுப் பெட்டிக்குள் அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

இதே காரணத்தால் விசிறியின் மோட்டாரையும் கவனிக்கவேண்டும். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் சுழலும்போதே பொறி பறக்கும். பழைய பொம்மைகளிலும் துளையிடும் கருவிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷ் இல்லாத மோட்டாராகவும், அது காற்றோட்டத்துக்கு வெளியே இருக்கும் அமைப்பாகவும் இருந்தால் நல்லது. அப்படி இருந்தாலும் வெடிப்புத் தடுப்புச் சான்றிதழ் பெற்ற விசிறிக்கு அது ஈடாகாது. 230 வோல்ட் இணைப்பைத் தகுதிபெற்ற மின்னியலாளரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அறை. மணிக்கு 360 கன மீட்டர் வெளியே போனால் அதே அளவு உள்ளே வந்தாகவேண்டும். கதவையும் மற்ற சன்னலையும் மூடிவிட்டால் எவ்வளவு பெரிய விசிறியும் மூச்சுத் திணறும். குளிர்சாதனத்தைப் போட்டுக்கொண்டு சாயம் அடிக்கலாம் என்ற ஆசையும் பலிக்காது. 27 கன மீட்டர் கொள்ளளவுள்ள படுக்கையறையின் குளிர்ந்த காற்று முழுவதையும் விசிறி நாலரை நிமிடத்தில் வெளியேற்றிவிடும். மின்கட்டணம்தான் மிஞ்சும். அடுக்குமாடியின் உயர்ந்த தளத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் அதுவே 60 பாஸ்கல் அழுத்தத்தோடு குழாய்க்குள் தள்ளும். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்றும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

வடிகட்டி துளிகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. என்95 முகக்கவசமும் அப்படித்தான். ஆவிக்குக் கரிம ஆவியை உறிஞ்சும் கரித்தூள் கேட்ரிஜ் பொருத்திய முகக்கவசம் வேண்டும். நீரில் கரையும் அக்ரிலிக் சாயம் தீப்பிடிக்கும் ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனாலும் அதன் நுண்துளிகள் நுரையீரலுக்குள் போக வேண்டியதில்லை.

விசிறியைப் பொருத்தியபின் இரண்டு சோதனைகள் செய்யலாம். சாயம், தின்னர் எதுவும் அருகில் இல்லாதபோது ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்துப் பெட்டியின் வாயோரமாக நகர்த்துங்கள். மூலைகளிலும் புகை உள்ளே போகவேண்டும். முடிந்ததும் பத்தியை அணைத்து அறையைவிட்டு எடுத்துச் சென்றுவிடுங்கள். இரண்டாவது, 100 லிட்டர் குப்பைப் பையைக் காற்றின்றிச் சுருட்டி, குழாயின் வெளிமுனையில் பிடித்து, அது உப்புவதைக் கைப்பேசியில் படம்பிடியுங்கள். சன்னலுக்கு வெளியே எட்டிப் பிடிக்கவேண்டாம், முனையை அறைக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் நிரம்பினால் நீங்கள் கணக்கிட்ட 0.1 கன மீட்டர் கிடைக்கிறது. மூன்று நொடி ஆனால் மூன்றில் ஒரு பங்குதான். மாதம் ஒருமுறை இதைச் செய்தால், வடிகட்டியை மாற்றவேண்டிய நாளையும் அந்தப் பையே காட்டிவிடும்.