குழந்தையைத் தனி அறையில் எப்போது படுக்க வைக்கலாம்?



கள்ளக்குறிச்சி நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "மூணு மாசம் முடிஞ்சிருச்சு சார், கொழந்தைக்குன்னு தனி ரூமே கட்டியிருக்கோம். ராத்திரி அங்க படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார் அந்தத் தாய். அடுத்த வாரம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு வீடு. வீடு முழுக்க ஒரே அறைதான். அங்கே ஆயா கேட்டது வேறு: "குளுருக்கு எல்லாரும் ஒரே கம்பளியில படுத்துக்கிட்டா என்னய்யா?"

நகரத்துத் தாய்க்கு முதலில் பதில். ஆறு மாதம் முடியும் வரை தனி அறை வேண்டாம். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான். அதிலும் இரண்டு முதல் நான்கு மாதம் வரை ஆபத்து அதிகம். தாயின் அறையிலேயே, ஆனால் தனக்கென்று ஒரு படுக்கையில் தூங்கும் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022-இல் வெளியிட்ட அறிவுரையும் இதுவே. இரவில் இரண்டு மூன்று தடவை பால் கொடுக்கவும் இதுதான் சௌகரியம். கட்டிய அறை எங்கும் போய்விடாது, காத்திருக்கும்!

படுக்க வைக்கும் விதம் இடத்தைவிட முக்கியம். மல்லாக்கப் படுக்க வையுங்கள். "பால் எதிரெடுத்தா புரையேறிடாதா?" என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலே வந்த பால் கீழேயே தங்கும். குப்புறப் படுத்தால்தான் மூச்சுக்குழல் கீழே வருகிறது. 1991-இல் இங்கிலாந்திலும் 1994-இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்தார்கள். அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்குள் இத்தகைய சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தென்ற மெத்தை, முகத்தை மூடும் துணி எதுவும் வேண்டாம். பாய்மேல் மடித்துப் போட்ட பருத்திப் புடவை போதும்.

இனி ஆயாவுக்கு. ஒரே அறையில் படுப்பது நல்லதுதான் ஆயா, ஒரே கம்பளிதான் கூடாது. பெரியவர்கள் போர்வை குழந்தை மூக்கின்மேல் விழுந்தால் அதைத் தள்ளிவிடத் தெரியாது. தாயின் கைக்கு எட்டுகிற தூரத்தில் குழந்தைக்குத் தனிப் பாய் போடுங்கள். குடித்துவிட்டு வந்தவர், பீடி பிடிப்பவர், தூக்க மாத்திரை சாப்பிட்டவர் பக்கத்தில் ஒருநாளும் படுக்க வைக்காதீர்கள். இதைச் சொன்னால் சில வீடுகளில் ஆண்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையும் குறைமாதக் குழந்தையும் என்றால் இன்னும் கவனம் தேவை.

மார்கழி, தை குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தணல் சட்டி வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, பெரியவர்களையே கொன்றுவிடும். தூங்குமுன் சட்டியை வெளியே வைத்துவிடுங்கள். குழந்தைக்குச் சட்டையும் காலுறையும் போடலாம். விழித்திருக்கும்போது தாய் தன் மார்போடு வெறும் உடம்பாக அணைத்துக்கொண்டால் அதைவிடச் சூடு வேறில்லை.

தூளி? பகலில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது சற்று நேரம் ஆட்டலாம். தாடை நெஞ்சில் மடிந்து கிடந்தால் மூச்சு அடைபடும். இராத் தூக்கத்துக்கு அது வேண்டாம். வளர்ந்த பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடி, புடவை கழுத்தில் இறுகி இறந்த செய்திகளை நம் மாநிலத்தில் அடிக்கடி படிக்கிறோம். வேலை முடிந்ததும் அவிழ்த்து வையுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு தனி அறைக்கு மாற்றலாமா? இரண்டு பக்கமும் தானே புரள்கிறதா, எடை ஒழுங்காக ஏறுகிறதா, சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். சிணுங்கினால் உங்களுக்குக் கேட்க வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். என்னைக் கேட்டால் ஒரு வயது வரை உங்கள் அறையிலேயே இருக்கட்டும் என்பேன்.

எங்கே படுத்திருந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தால், விலா உள்ளிழுக்க மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மலைக்கு வண்டி வந்துசேர நேரமாகும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.